கொதிக்கும் படகு இன்ஜின்: முதலில் தண்ணீரைத் தேடுங்கள்

நடுக்கடலில் வலை இழுத்துக்கொண்டிருக்கும் விசைப்படகில் டெம்பரேச்சர் மீட்டர் முள் ஏறுகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் இறுகி இன்ஜின் நின்றுவிடும். பாக் நீரிணையில் இன்ஜின் நின்ற படகு நீரோட்டத்தில் எல்லை தாண்டிப் போய்விடும் ஆபத்தும் உண்டு. உயிரும் பிழைப்பும் இதில் அடங்கியிருப்பதால், சூடு ஏறும் காரணத்தைப் படகில் இருக்கும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

லாரி இன்ஜினுக்கு ரேடியேட்டரும் எதிர்க்காற்றும் உண்டு. படகின் அடிவயிற்றில் இருக்கும் இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்தான் கதி. பல இன்ஜின்களில் கூலன்ட் கலந்த நல்ல தண்ணீர் உள்ளேயே சுற்றிவரும். அடிப்பக்க வால்வு வழியே வரும் கடல் தண்ணீர் ஸ்ட்ரெய்னர், பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஆகியவற்றைக் கடந்து, உள்ளே சுற்றும் தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும்.

உடனே செய்ய வேண்டியது

வேகத்தைக் குறைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, தண்ணீர் வெளியேறும் குழாயைப் பாருங்கள். தண்ணீர் வரவே இல்லை என்றால் இன்ஜினை நிறுத்துங்கள். மெலிந்து வந்தாலும் கோளாறு கடல் தண்ணீர்ப் பாதையில்தான். சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

கடல் தண்ணீர்ப் பாதை

பிளாஸ்டிக் பை, சொறிமீன், பாசி எதுவும் கடல் தண்ணீர் நுழையும் வாயை அடைக்கலாம். ஸ்ட்ரெய்னர் மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்தால் பம்ப் காற்றை இழுக்கும். இவற்றைப் பார்த்த பிறகு பம்பைத் திறந்து இம்பெல்லரைப் பாருங்கள். ஒவ்வொரு ரப்பர் இதழையும் விரலால் வளைத்து, அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரில்லாமல் சில நிமிடம் சுற்றினாலே இதழ்கள் கருகிவிடும். ஒரு இதழ் காணாமல் போயிருந்தால் புது இம்பெல்லர் போட்டால் மட்டும் போதாது. அந்தத் துண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில் சிக்கியிருக்கும். அதைத் தேடி எடுத்தே ஆக வேண்டும்.

ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே சூடேறினால் மூடிய வால்வையும் இம்பெல்லரையும் சந்தேகியுங்கள். முழு வேகத்தில் மட்டும் ஏறினால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்களில் உப்பு படிந்திருக்கலாம். அடிப்பலகையில் ஒட்டிய கொட்டலசும், புரொப்பெல்லரில் சுற்றிய வலையும்கூட இன்ஜினுக்குச் சுமையேற்றிச் சூட்டைக் கிளப்பும்.

உள் பாதை

கடல் தண்ணீர் நன்றாக வெளியேறியும் சூடு குறையவில்லையா? இன்ஜின் ஆறிய பின் கூலன்ட் அளவையும் பெல்ட்டின் இறுக்கத்தையும் பாருங்கள். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால், ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணீர் கலந்திருக்கலாம்.

சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது தவறு. சில இன்ஜின்களில் அதைக் கழற்றினால் தண்ணீர் குறுக்குவழியில் திரும்பி, சூடு இன்னும் கூடும். தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத் தண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள். அதில் பொறித்திருக்கும் வெப்பநிலையை ஒட்டித் திறக்கவில்லை என்றால் புதிது மாற்றுங்கள்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் படகுக்குப் பெயின்ட் அடிப்பதோடு கடல் தண்ணீர்ப் பாதை, உள் பாதை இரண்டையும் முழுவதும் திறந்து சுத்தம் செய்துவிடலாம். மாற்று இம்பெல்லரும் பெல்ட்டும் எப்போதும் படகில் இருக்கட்டும். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்ததும் தண்ணீர் வெளியேறுகிறதா என்று எட்டிப் பார்த்த பிறகே டிரைவர் கியர் போட வேண்டும்.