தறிப் பட்டறையில் பிறந்த கார்

சத்திரப்பட்டியை நெருங்கும்போதே தறிச் சத்தம் எதிர்கொண்டு வந்துவிடும். ராஜபாளையத்துக்குக் கிழக்கே இருக்கும் இந்த ஊரில் வீதிக்கு வீதி விசைத்தறிக் கூடங்கள். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்து ஓட, வலைபோல மெலிந்த வெள்ளைத் துணி சுருண்டு இறங்குகிறது. அறுவைச் சிகிச்சைக்கும் காயக்கட்டுக்கும் போகிற பேண்டேஜ் துணி. அதை ஏற்றிக்கொண்டு போக வாசலில் நிற்கும் வண்டிகளில் ஒரு பழைய மாருதி ஆம்னியோ, கொஞ்சம் புதிய ஈகோவோ கட்டாயம் இருக்கும். பின்சீட்டைக் கழற்றிவிட்டு, கூரையைத் தொடும்வரை பண்டல் அடுக்கியிருப்பார்கள்.

உள்ளே ஓடும் தறிக்கும் வெளியே நிற்கும் வண்டிக்கும் ஒரு சொந்தம் உண்டு. அந்த வண்டியை வடிவமைத்த சுசுகி, கார் கம்பெனியாகத் தொடங்கியதல்ல. 1909-இல் ஜப்பானின் ஹமமாட்சு நகரில் அது திறக்கப்பட்டபோது அதன் பெயர் சுசுகி தறிப் பட்டறை.

நிறுவியவர் மிச்சியோ சுசுகி. 1887-இல் பிறந்தவர். பருத்தி விளையும் பகுதியில் வளர்ந்து, இளம் வயதிலேயே தச்சரிடம் தொழில் பழகப் போனார். ஏழு ஆண்டு உளியும் இழைப்புளியுமாகப் பழகிய கை, தறி செய்யத் திரும்பியது. முதல் தறியை அவர் தன் தாய்க்காகச் செய்தார் என்பது அந்தக் குடும்பத்தின் வரலாறு. அந்தத் தறியைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கேட்க, பட்டறை பிறந்தது.

தறி தெரிந்தவர்களுக்கு மிச்சியோவின் கெட்டிக்காரத்தனம் சட்டென்று புரியும். வெள்ளைத் துணி நெய்வது எளிது. ஒரே நாடா, ஒரே நூல். கோடும் கட்டமும் போட்ட துணிக்கு ஊடையின் நிறம் மாறிக்கொண்டே இருக்கவேண்டும். நீலத்துக்கு ஒரு நாடா, சிவப்புக்கு ஒரு நாடா என்று வைத்துக்கொண்டு, எந்த இழைக்கு எது பாயவேண்டுமோ அதைச் சரியான நேரத்தில் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஒரு இழை தப்பினாலும் கட்டம் கோணிவிடும். இந்த வேலையைத் தறியே செய்யும்படி ஆக்கியதில்தான் சுசுகி பெயர் வாங்கியது. தென்கிழக்கு ஆசியாவில் ஆணும் பெண்ணும் உடுத்தும் சாரோங், அதாவது நம் கைலி, அதை நெய்கிற தறிகள் ஹமமாட்சுவிலிருந்து கப்பலேறின.

நல்ல தறிக்கு ஒரு குணம் உண்டு. சீக்கிரம் பழுதாகாது. அதனால் வாங்கியவர் மறுபடி வாங்க வரவும் மாட்டார்! மிச்சியோவுக்கு அந்தக் கவலை வந்தது. 1937-இல் சிறிய கார் செய்யும் முயற்சியில் இறங்கினார். இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன் காரை வாங்கிப் பிரித்துப் பார்த்துப் பழகினார்கள். இரண்டே ஆண்டுகளில், 800 சி.சி.-க்கும் குறைந்த எஞ்சினோடு சில மாதிரிக் கார்கள் தயாராகிவிட்டன. போர் வந்தது. சொந்தக் கார் அவசியமில்லாத பொருள் என்று ஜப்பான் அரசு சொல்லிவிட, முயற்சி அப்படியே நின்றது. போருக்குப் பின் தறிக்கே திரும்பினார்கள். 1951-இல் பருத்திச் சந்தை விழுந்தது. தறி வாங்க ஆளில்லை. நூல் விலை விழுந்தாலும் ஏறினாலும் முதலில் அடிபடுவது யார் என்று ராஜபாளையத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1952-இல் சைக்கிளில் பொருத்தும் 36 சி.சி. மோட்டார், 1954-இல் 'சுசுகி மோட்டார்' என்ற புதுப் பெயர், 1955-இல் 'சுசுலைட்' என்ற 360 சி.சி. குட்டிக் கார். மூன்றே ஆண்டில் தறிக்காரர் கார்க்காரர் ஆனார். இதில் அவர் தனியாளும் இல்லை. டொயோட்டாவின் மூலவரான சகிச்சி டொயோடாவும் தறி கண்டுபிடித்தவர்தான்; அவர் பிறந்த கொசாய், ஹமமாட்சுவுக்குப் பக்கத்து ஊர். ஒரு நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிட வேண்டும் என்ற அவருடைய யோசனையே பிற்காலத்தில் டொயோட்டா தொழிற்சாலைகளின் வேதமாயிற்று.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதைத் தொட்டு அடுத்தடுத்து எழுந்த நூற்பாலைகளால் ஊர் வளர்ந்தது. கார் என்றால் மில் முதலாளி வீட்டு வாசலில் நிற்பது, டாக்டர் வீட்டில் நிற்பது, ஸ்டாண்டில் வாடகைக்கு நிற்பது. அவ்வளவுதான். அதுவும் அம்பாசிடர், ஃபியட். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது.

அந்தக் காத்திருப்பை முடித்துவைத்த வேலையில் ஒரு தமிழரின் கை இருக்கிறது. தஞ்சை மாவட்டம் கருவேலியில் 1925-இல் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி, திருச்சி பெல் நிறுவனத்தை நடத்திக்காட்டியவர். சஞ்சய் காந்தி தொடங்கி நொடித்துப்போன மாருதியை அரசு கையிலெடுத்து, 1981-இல் மாருதி உத்யோக் ஆக்கியபோது, பொறுப்பு அவரிடம் வந்தது. கூட்டாளி தேடி ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் அலைந்ததில், பெரிய கம்பெனிகள் எல்லாம் தயங்கின. முதல் போடுவதற்கும் முன்வந்த சிறிய கம்பெனி சுசுகி. 1982 அக்டோபர் 2 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. சுசுகியின் பங்கு 26 சதவீதம். 1983 டிசம்பர் 14 அன்று, முதலாவது மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். சொன்ன நாளில், சொன்ன விலைக்கு, ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாய்க்கு, கார் வந்துவிட்டது. அந்தக் காலத்து அரசு நிறுவனம் ஒன்றிடம் நாடு எதிர்பார்க்காத காரியம் அது. கிருஷ்ணமூர்த்தி 2022-இல் சென்னையில் காலமானார். மாருதி என்றால் டில்லிச் சமாச்சாரம் என்று நினைக்கிற நாம், அவர் பெயரை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம்.

ஆனால் இந்தப் பக்கத்து வீடுகளுக்குள் சுசுகி என்ற பெயர் காரில் வரவில்லை, பைக்கில் வந்தது. மதுரையில் பிறந்த டி.வி.எஸ். குழுமம் சுசுகியோடு கைகோத்து, 1984-இல் ஓசூரிலிருந்து 'இண்ட்-சுசுகி' பைக்கை இறக்கியது. பிறகு சாமுராய், ஷோகன், மேக்ஸ் 100. இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, விடியற்காலையில் கிராமத்திலிருந்து டவுனுக்கு வரும் மேக்ஸ் 100-ஐப் பார்க்காத ஊர் தென் மாவட்டங்களில் உண்டா? 2001-இல் அந்தக் கூட்டு பிரிந்தது. பைக்கில் சம்பாதித்த நம்பிக்கை மட்டும் காருக்குப் போய்ச் சேர்ந்தது.

மாருதி 800 ராஜபாளையத்தில் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. வண்டியை வைத்திருப்பவரே ஓட்டலாம் என்றானது. அம்பாசிடருக்கு டிரைவர் வேண்டும். 650 கிலோ எடையுள்ள 800-ஐ வாத்தியாரும் ஓட்டினார், மில் மானேஜரும் ஓட்டினார், கல்லூரிக்குப் போகிற மகளும் ஓட்டினாள். முடங்கியார் சாலையின் கடைவீதி நெரிசலிலும், பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதியின் திருப்பத்திலும் அது உடம்பைக் குறுக்கிக்கொண்டு புகுந்துவிடும். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றபோது இந்தியச் சாலைகளில் 25 லட்சத்துக்கு மேல் இறங்கியிருந்தது.

ஆம்னியின் கதை வேறு. 1984-இல் 'மாருதி வேன்' என்று வந்து, 1988-இல் ஆம்னி ஆனது. எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். வெயில் நேரத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் தொடை சுடும். முகப்பு என்று ஒன்றும் கிடையாது. ஓட்டுபவரின் முழங்காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவில் ஒரு தகடுதான். இத்தனையும் தெரிந்தேதான் வாங்கினார்கள். பக்கக் கதவை இழுத்துத் தள்ளினால் கடை ஷட்டர்போலத் திறக்கும். விறகடுப்பில் கிண்டிய பால்கோவாவைப் பெட்டி பெட்டியாக ஏற்றலாம். சித்திரை, வைகாசியில் தோப்பிலிருந்து சப்பட்டையும் பஞ்சவர்ணமும் ஏற்றலாம். மதியம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மாலையில் பந்தல் சாமான், ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் பார்க்க மொத்தக் குடும்பம். ஒரே வண்டிக்கு எத்தனையோ வேலை. தமிழ் சினிமா அதைக் கடத்தல் வண்டியாக்கிவிட்டது; ஊர் அதைச் சோறு போடும் வண்டியாக வைத்திருந்தது. புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2019-இல் ஆம்னி நின்றது. ஈகோ அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது.

சுசுகி வைத்திருப்பவர்களிடம் ஏன் இதை வாங்கினீர்கள் என்று கேட்டால், பேச்சு எஞ்சினில் தொடங்காது. "சாமான் கிடைக்கும்" என்றுதான் தொடங்கும். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. உள்ளூர்க் கடையிலேயே இருக்கும். கம்பெனி சர்வீஸுக்கு விட மனமில்லையென்றால் தெருமுனைப் பட்டறையில் விடலாம். அந்தப் பட்டறைக்காரருக்கு 800-இன் மூன்று சிலிண்டரும் கார்புரேட்டரும் மனப்பாடம். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, நுனியின் கருப்பைப் பார்த்தே பெட்ரோல் கூடுதலாகப் போகிறதா என்று சொல்லிவிடுவார். தறி பழுதானால் ஜாப்பர் வந்து நின்ற இடத்திலேயே சரிசெய்து ஓடவிடுகிற ஊர் இது. அந்த ஊருக்குப் பிரித்துப் பூட்ட வராத வண்டி ஒட்டாது.

இரண்டாவது மைலேஜ். மூன்றாவது, கைமாற்றினால் கிடைக்கும் விலை. பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குக் காலேஜ் என்று அவசரம் வந்தால் ஒரு வாரத்தில் விற்றுக் காசாக்கலாம். காரை நகைபோலக் கணக்கிடுகிற இந்த வழக்கத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சம்பளமும் வியாபாரமும் பருத்தி விலையோடு ஏறி இறங்குகிற ஊரில் அது விவேகம்.

டீசல் ஸ்விஃப்ட், டிசையர் வைத்திருப்பவர்களிடம் தனியாக ஓர் ஏக்கம் உண்டு. 2007 முதல் ஸ்விஃப்டில் வந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சினை ஆம்னி பஸ்போல ஓட்டித் தள்ளினார்கள். சபரிமலை சீசனில் செங்கோட்டை வழியாக மலை ஏறி இறங்கியதும், குற்றாலச் சாரலுக்கு ஓடியதும் அதுதான். அந்த எஞ்சின் சுசுகியுடையதல்ல. இத்தாலியின் ஃபியட் வடிவமைத்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி வந்ததும் மாருதி டீசலையே விட்டுவிட்டது. டிராவல்ஸ்காரர்கள் இப்போது சி.என்.ஜி. எர்டிகாவுக்கு மாறுகிறார்கள். மைலேஜ் திருப்தி. டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்துகொள்வதால் ஐயப்ப பக்தர்களின் பைகள் டாப் கேரியருக்கு ஏறிவிட்டன.

குறை என்று கேட்டால் பதில் ஒரே குரலில் வரும்: தகடு மெலிசு. பைக் உரசினாலும் கதவு ஒடுங்குகிறது. டிங்கரிங் பட்டறைக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது போக வேண்டியிருக்கிறது. இதை வெறும் டிங்கரிங் செலவாகப் பார்க்க முடியாது. மதுரை - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டையும் கடந்துதான் போகிறது. கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகள் இரவும் பகலும் ஓடுகிற சாலை. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தபோது, ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800-க்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. அதே சோதனையில் மற்ற கம்பெனிகளின் நான்கு சிறிய கார்களும் பூஜ்யமே வாங்கின. ஆனால் அதிகம் விற்பவருக்குப் பொறுப்பும் அதிகம். இந்தியாவில் ஓடும் கார்களில் பெரும்பங்கை விற்ற நிறுவனம், பத்து ஆண்டுகள் இந்தக் கேள்வியை மெதுவாகத்தான் எடுத்துக்கொண்டது. 2024 நவம்பரில் புதிய டிசையர் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2025-இல் ஆல்டோ கே10-க்கும் ஆறு ஏர்பேக் வந்தது. முன்பே வந்திருக்க வேண்டியவை.

ஷோரூமுக்குள் நுழையும் குடும்பங்களின் கேள்வியும் மாறியிருக்கிறது. அப்பா மைலேஜைக் கேட்கிறார். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் ஏர்பேக்கையும் நட்சத்திரத்தையும் கேட்கிறார்கள்.

மிச்சியோவின் கம்பெனியை இந்தியாவின் வீட்டுப் பெயராக்கியவர் ஒசாமு சுசுகி. சுசுகி குடும்பத்தில் பெண்ணெடுத்து, ஜப்பானிய வழக்கப்படி வீட்டோடு மகனாகி, மாமனார் வீட்டுப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டவர். 1978-இல் தலைமைக்கு வந்தவர், நான்கு ஆண்டுகளில் இந்தியாவின் மேல் பந்தயம் கட்டினார். 2024 டிசம்பர் 25 அன்று, 94 வயதில் மறைந்தார். அடுத்த மாதம் இந்திய அரசு அவருக்கு பத்ம விபூஷண் அறிவித்தது.

அந்தப் பந்தயத்தில் வந்த கார்கள் இங்கே இன்னும் சாலையில் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பதிவெண் டி.என். 84. பழைய 800-கள் பல அதற்கும் மூத்தவை, டி.என். 67 என்ற விருதுநகர் எண்ணோடு ஓடுகின்றன. பதினைந்து ஆண்டு முடிந்த காரின் ஆர்.சி.யை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. வண்டியையே சொற்ப விலைக்குக் கேட்கிறார்கள், இதற்கு இவ்வளவு செலவா என்று வீட்டில் பேச்சு எழும். இருந்தாலும் டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து, முகப்பு விளக்கை மாற்றிக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பானெட்டைத் திறந்து, சேஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக வெள்ளையாக எழும்பி வருகிறது.