பண்டரிபுரத்துல விரதம்... சேலத்துல அறுவடை!

விரதம்னா என்ன? காலையில ஒரு டம்ளர் தண்ணி, மதியம் ஒரு டம்ளர் பால், சாயங்காலம் தலைசுத்தல்! அப்படித்தானே நினைச்சுக்கிட்டிருக்கீங்க? மகாராஷ்டிரா பக்கம் போய்ப் பாருங்க பாஸ். விரதத்துக்குன்னே அங்கே தனி மெனு கார்டு! 'ஏகாதசி வந்தா ரெண்டு மடங்கு தீனி'ன்னு தங்களைத் தாங்களே கிண்டலடிச்சு மராத்தியில பழமொழியே வெச்சிருக்காங்க.

அந்த மெனுவை முழுசாப் பார்க்க ஆஷாட ஏகாதசிக்கு பண்டரிபுரம் போகணும். ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கு, தேஹுவிலிருந்து துக்காராம் பல்லக்கு. பின்னாடியே விட்டலன் பேரைப் பாடிக்கிட்டு லட்சக்கணக்கான ஜனம். சுமார் 250 கிலோமீட்டர், ஏறக்குறைய மூணு வார நடை! வழியில் கிராமத்துக்காரங்க சோள ரொட்டி, கடலைமாவுக் குழம்புன்னு கொடுத்து அனுப்புறாங்க. ஆனா ஏகாதசி அன்னிக்கு அரிசி, கோதுமை, பருப்பு எல்லாத்துக்கும் தடா!

அப்போ என்னதான் சாப்பிடுவாங்க? சாபுதாணா கிச்சடி. அதாவது, நம்ம ஜவ்வரிசி!

பாயசத்துல நீந்துற ஜவ்வரிசியை மறந்துடுங்க. இது உதிரி உதிரியா, உப்புமா மாதிரி இருக்கும். நல்லா கழுவி, மேலே லேசா தண்ணி நிற்கிற அளவுக்கு மட்டும் விட்டு ராத்திரி பூரா ஊறவைக்கணும். காலையில ஒரு மணியை எடுத்து நசுக்கினா மாவா மசியணும். வறுத்த வேர்க்கடலையைக் கொரகொரப்பா பொடிச்சு அதுல பிசறி, நெய்யில சீரகம், பச்சை மிளகாய், உருளைக்கிழங்கு வதக்கி, மேலே கொட்டிக் கிளறினா முடிஞ்சுது. தண்ணி கூடினா கிச்சடி இல்லை, போஸ்டர் ஒட்டுற பசை! கடலைப்பொடிதான் மணிகள் ஒட்டாம காப்பாத்துது.

இன்னொரு அயிட்டம், பகர். நம்ம குதிரைவாலி மாதிரி ஒரு சிறுதானியம். அதை வேகவெச்சு வேர்க்கடலைக் குழம்பு ஊத்திச் சாப்பிடுறாங்க. அரிசி கூடாது, சிறுதானியம் ஓகே. லாஜிக் கேட்டா பாட்டிகள் முறைப்பாங்க!

இதுல ஒரு ஜோக் இருக்கு. உருளை, வேர்க்கடலை, மிளகாய், ஜவ்வரிசிக்கு மூலமான மரவள்ளி... நாலுமே அமெரிக்கக் கண்டங்களோட சொத்து. கடல்வழி கண்டுபிடிச்சப்புறம்தான் இங்கே வந்து இறங்கின பசங்க. 13-ஆம் நூற்றாண்டுல வாழ்ந்த ஞானேஸ்வரர் இதுல ஒண்ணைக்கூட கண்ணால பார்த்திருக்க முடியாது! தடை தானியத்துக்குத்தானே? லிஸ்ட்ல பேர் இல்லாத புதுசுகள் நைஸா பந்தியில உட்கார்ந்துடுச்சு.

சரி, அவ்வளவு ஜவ்வரிசியும் எங்கிருந்து போகுது? பெரும்பங்கு சேலம், நாமக்கல், ஆத்தூர் வட்டார சேகோ ஃபேக்டரிகள்லேர்ந்துதான். இரண்டாம் உலகப் போர் சமயத்துல தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த சேகோ நின்னுபோக, இங்கே மரவள்ளியை அரைச்சு, பாலை வடிகட்டி, படியற மாவை உருட்டி, வறுத்து, வெயில்ல காயவெச்சு ஆரம்பிச்ச தொழில். 1981-ல் 'சேகோசர்வ்' கூட்டுறவு சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. இத்தனைக்கும் நம்ம ஊர்ல அது பாயசத்துக்கும் வடாமுக்கும்தான். வடக்கே விரத சீசன் வந்தாதான் இங்கே வியாபாரம் சூடு பிடிக்குது.

இப்போ வில்லன் என்ட்ரி. மரவள்ளி மாவோட விலை குறைஞ்ச மக்காச்சோள மாவைக் கலக்குறாங்கன்னு விவசாயிகள் பல வருஷமா புகார் சொல்றாங்க. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆலைகள்ல ரெய்டும் நடத்தியிருக்காங்க. கலப்பட மாவு உள்ளே வந்தா, கிழங்குக்கு விலை கிடைக்காம சேலத்து விவசாயி தலையில துண்டு. அது மட்டுமில்லை... மக்காச்சோளம் ஒரு தானியமாச்சே! மூணு வாரம் மழையில நடந்து, சந்திரபாகாவில் முங்கி எழுந்து, பக்தியா கிச்சடித் தட்டைக் கையில வாங்குறாரு பாருங்க ஒரு பெரியவர்... அவரோட விரதம் முதல் வாயிலேயே காலி. அவருக்கே தெரியாம!