மூங்கிலுக்குள் ஒரு பாசக்கார அப்பா! 136 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த நெல்லை மலைத் தவளை

மழை பெய்த ராத்திரியில் பாத்ரூம் சுவரில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே மரத்தவளை... பெரம்பலூர், அரியலூர் பக்கம் அதைப் பார்க்காத வீடு குறைவு. துடைப்பத்தால் விரட்டினாலும் மறுநாள் அதே இடத்தில் வந்து நிற்கும். அதன் தூரத்துச் சொந்தம் ஒன்று, திருநெல்வேலி மலைகளில், மேகம் தவழும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் வாழ்கிறது. ஆனால், அதை மறுபடி பார்க்க 136 ஆண்டுகள் ஆனது!

அறிவியல் பெயர் 'ராவோர்கெஸ்டஸ் சலசோடெஸ்'. சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான் நீளம். பளீர் பச்சை உடல், நீலச்சாயல் தொடை, தங்கத் திட்டுகள் கொண்ட கண்கள். 1876-ல் விலங்கியல் அறிஞர் குந்தர் இதற்குப் பெயர் வைத்தார். ஆனால் 1874-க்குப் பிறகு தவளை யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போயிருக்கும் என்று நினைத்தவர்களும் உண்டு.

டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.டி.பிஜு, 2010-ல் காணாமல்போன தவளைகளைத் தேடும் இயக்கத்தைத் தொடங்கினார். இந்தத் தவளை மீண்டும் கிடைத்த செய்தி 2011 பிப்ரவரியில் வெளியானது.

இத்தனை காலம் எங்கே ஒளிந்திருந்தது? நாணல் போன்ற மெல்லிய மூங்கிலுக்குள்! இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம்தான் இதன் வீடு. அங்கே சிறு பிளவு இருந்தால், உடலைச் சுருக்கி உள்ளே நுழைந்துவிடும். பிளவை அதனால் உண்டாக்க முடியாது. ஏற்கெனவே இருக்க வேண்டும்.

ஆய்வாளர் கே.எஸ்.சேஷாத்ரி குழுவினர் 2014-ல் வெளியிட்ட தகவல் இன்னும் ஆச்சர்யம். ஆண் தவளை மூங்கிலுக்குள் இருந்தபடியே குரல் கொடுத்து ஜோடியை அழைக்கிறது. உள்ளேயே முட்டை இடப்படுகிறது. தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து குட்டித் தவளையாகவே வெளியே வருகிறது. அதுவரை காவல் காப்பது அப்பா!

காவல் எதற்கு? அப்பா தவளையை அகற்றிப் பார்த்தபோது விடை கிடைத்தது. ஆளில்லாத கூட்டுக்குள் அதே இனத்தின் வேறு ஆண்கள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிட்டன.

இந்த அப்பாவாலும் தடுக்க முடியாத ஒன்று உண்டு, மூங்கில் வெட்டும் கத்தி. காகிதக்கூழுக்காக நாணல் மூங்கிலை வரைமுறையின்றி வெட்டினால் கூடும் முட்டையும் சேர்ந்தே போகும் என்பதுதான் ஆய்வாளர்களின் கவலை. ஆய்வு வெளியானபோது இது மிகவும் அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருந்தது. மூங்கிலே வெட்டக் கூடாது என்பதில்லை. முட்டையிடும் மழைக்காலத்தை விட்டுவிட்டு, கொஞ்சம் மிச்சமும் வைத்தால் இருவருக்கும் பிழைப்பு உண்டு.

நம் வீட்டுச் சுவரில் இருக்கும் தவளையும் சும்மா இல்லை, பூச்சிகளைத் தின்றுகொண்டிருக்கிறது. அடுத்த முறை துடைப்பத்தை எடுக்கும் முன், குழந்தைகளைக் கூப்பிட்டு ஒரு நிமிடம் காட்டுங்களேன்!