மீன் குட்டைச் சரிவில் கால் வழுக்காதிருக்க



பண்ணைக் குட்டை வெட்டி, தண்ணீர் பூமிக்குள் இறங்காமலிருக்கப் பிளாஸ்டிக் தாள் விரித்து, அதில் கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை விட்டு வளர்க்கிறவர்கள் நம்மில் பலர் இருக்கிறீர்கள். குஞ்சு எப்போது விடுவது, தீவனம் எவ்வளவு போடுவது என்பதெல்லாம் பல தடவை பேசியாயிற்று. இன்றைக்கு மீனைப் பற்றி அல்ல, அந்த மீனுக்காகக் குட்டையில் இறங்குகிறவருடைய காலைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் அப்படியொரு குட்டையைப் பார்க்கப் போயிருந்தேன். தண்ணீரைக் கொஞ்சம் பாட்டிலில் மொண்டு பார்க்கலாம் என்று சரிவில் ஒரே ஒரு எட்டு வைத்தேன். அடுத்த நொடி கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறேன். எனக்கு நீச்சல் தெரியும். கரையோ ரொம்பப் பக்கம். ஆனால் ஏற முடியவில்லை. கையை ஊன்றினால் சறுக்குகிறது, முட்டி போட்டால் சறுக்குகிறது. நாலைந்து தடவை முயன்று மூச்சு வாங்கிப்போன பிறகு அந்த வீட்டு அம்மா மாட்டுக் கயிற்றை அவிழ்த்து வந்து வீசினார். அதைப் பிடித்துத்தான் மேலே வந்தேன். நீச்சல் தெரிந்தவன் பாடே இது. தெரியாதவர்கள், சின்னப் பிள்ளைகள் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மண் குட்டையில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லையே, ஏன்? மண்ணில் நம் கால் விரல் புதைகிறது. புதைந்த விரல் ஆப்பு அடித்த மாதிரி நின்று உடம்பைத் தாங்குகிறது. பிளாஸ்டிக் தாளில் விரல் புதையாது. தாளுக்கும் பாதத்துக்கும் நடுவே தண்ணீர் ஒரு மெல்லிய படலமாக நிற்கும். அதோடு நாம் மீனுக்காகப் போடுகிற சாணமும் தீவனமும் பாசிக்கும் உரந்தானே! தாளின் மேல் வழவழவென்று பாசி படிந்துவிடும். வெயிலில் நீர்மட்டம் இறங்க இறங்க, பாசி படிந்த ஓரம் வெளியே தெரியும். காய்ந்த மாதிரி இருக்கும், நம்பாதீர்கள். ஈரக் கால் பட்டதும் அது எண்ணெய் தடவிய பலகையாகிவிடும்.

இதில் சரிவும் சேர்கிறது. ஒரு அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி சாய்வு என்று வெட்டிய கரையில் ஓர் ஆள் வழுக்காமல் நிற்க வேண்டுமானால், அவர் கால் தாளை அழுத்துகிற அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் பிடிமானம் வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்று செங்குத்தாக வெட்டியிருந்தால் முழுப் பங்கும் வேண்டும். பாசி பிடித்த ஈரத் தாள் அதில் பாதிகூடக் கொடுக்காது. ஆகவே, ஜாக்கிரதையாக இறங்கினால் வழுக்காது என்று சொல்வது வெறும் பேச்சு.

இதைவிட வழுக்கலான இடத்திலே நடந்து மீன் பிடிக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். பின்லாந்து, கனடா, அமெரிக்காவின் மின்னசோட்டா போன்ற குளிர்ப் பிரதேசங்களில் குளிர்காலத்தில் ஏரி மேலே உறைந்து பாளமாகிவிடும். குறைந்தது 4 அங்குலமாவது கெட்டியான பனிக்கட்டி இருந்தால்தான் அதன் மேல் ஆள் நடக்கலாம் என்பது அங்கே கணக்கு. அதில் துளை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தூண்டில் விடுகிறார்கள். பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது? அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று இருக்கிறது. மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி 1850-லேயே இதைச் சொன்னார். நம் தாளிலும் பனிக்கட்டியிலும் காலை வாரிவிடுவது இந்த நீர்ப்படலந்தான்.

அவர்கள் பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள் வைத்த ரப்பர் வாரை இழுத்து மாட்டிக்கொள்கிறார்கள். முள் படலத்தைத் தாண்டிப் பனிக்கட்டியைக் குத்திப் பிடிக்கிறது. நாமும் அப்படிச் செய்யலாமே என்று கேட்பீர்கள். கூடவே கூடாது. நம் தாள் பெரும்பாலும் 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர். முள் செருப்போடு ஒரு நடை நடந்தால் குட்டை சல்லடையாகிவிடும்.

அவர்களிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று. பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்துவிட்டால் ஏறி வருவதற்கென்றே, பிடி போட்ட இரண்டு ஆணிகளைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் ஏரிக்குள் காலடி வைக்கிறார்கள். விழாமல் இருப்பது ஒரு வேலை, விழுந்தால் ஏறுவது இன்னொரு வேலை என்று பிரித்து யோசிக்கிறார்கள் பாருங்கள். நம் குட்டைகளில் இந்த இரண்டாவது வேலைக்குத்தான் ஏற்பாடே இல்லை.

செருப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பால் ஸ்பெரி என்பவர் படகின் ஈரத் தளத்தில் வழுக்கி விழுந்தவர். தன் நாய் பனிக்கட்டி மேல் வழுக்காமல் ஓடுவதைப் பார்த்து, அதன் பாதத்தில் இருக்கிற மெல்லிய வெடிப்புகளைப் போலவே ரப்பர் அடியில் நெருக்கமாகக் கீறல் போட்டு 1935-ல் ஒரு காலணி செய்தார். கீறல் வழியாகத் தண்ணீர் விலகிப் போவதால் ரப்பர் தரையைத் தொடுகிறது. ஆகவே குட்டைக் கரை மேல் நடக்க மிருதுவான ரப்பரில் நெருக்கமான கீறல் போட்ட அடி நல்லது. தேய்ந்துபோன ஹவாய் செருப்பு மிக மோசம். டயர் செருப்பும் தேய்ந்துவிட்டால் அதே கதைதான். அடியில் சேறு அப்பியிருந்தால் எந்தச் செருப்பும் உதவாது, துடைத்துவிட்டு நடங்கள். கம் பூட்ஸ் போட்டுக்கொண்டு சரிவில் இறங்காதீர்கள். உள்ளே தண்ணீர் நிரம்பிவிட்டால் காலைத் தூக்கி ஏறுவது பெரும்பாடு. இவையெல்லாம் கரைக்குத்தான். பாசி பிடித்த சரிவுக்கு ஏற்ற செருப்பு கடையில் கிடையாது.

சரிவுக்கு வேண்டியது கயிறு. கட்டை விரல் கனத்தில் நைலான் கயிறு வாங்கி, அடிக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். தேங்காய் நார்க் கயிறு கைக்கு நல்ல பிடிதான், ஆனால் தண்ணீரில் கிடந்து மக்கிவிடும். முடிச்சு இல்லாத நைலானோ ஈரக் கையில் நழுவும். கரைக்கு வெளியே ஒரு கல்தூணிலோ மரத்திலோ கட்டுங்கள். வேலிக் கம்பியில் கட்ட வேண்டாம், ஆள் தொங்கினால் வேலியே சாய்ந்து வரும். மறுமுனை குட்டையின் அடி வரைக்கும் போக வேண்டும். நீர்மட்டத்தோடு நிறுத்தினால் கோடையில் தண்ணீர் இறங்கியதும் கயிறு எட்டாது. நாலு பக்கமும் ஒவ்வொன்று போடுங்கள். விழுகிறவர் நாம் கயிறு கட்டிய பக்கமாகப் பார்த்தா விழுவார்?

ஆள் இறங்கி ஏறுகிற பக்கத்தில் பழைய டயர்களை ஒன்றோடொன்று கட்டி ஏணி மாதிரித் தொங்கவிடலாம். டயரை வெட்டாதீர்கள். உள்ளே இருக்கிற கம்பி நீட்டிக்கொண்டு தாளைக் கிழித்துவிடும். மூடி இறுக்கிய 20 லிட்டர் காலி கேன் ஒன்றைக் கயிற்றோடு கரையில் வையுங்கள். தண்ணீரில் ஓர் ஆளின் தலை மேலே நிற்க 5 கிலோ அளவுக்கு மிதப்பு இருந்தாலே பெரும்பாலும் போதும். இந்தக் கேன் ஏறக்குறைய 20 கிலோ தாங்கும்.

மீன் பிடிக்கிற நாளில் முதலில் மோட்டார் போட்டுத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சி மட்டத்தைக் குறைத்துவிடுங்கள். இழுவலையை இரண்டு கரையிலும் நின்று இழுங்கள். வீச்சு வலை போடுகிறவர் அதன் கயிற்றை மணிக்கட்டில் முடிந்துகொள்வது வழக்கம். கரையின் சமதளத்தில் ஓர் எட்டுப் பின்னால் நின்றே வீச வேண்டும். சரிவில் நின்று வீசி வழுக்கினால், ஈயக்குண்டு கட்டிய வலையும் அவரோடு தண்ணீருக்குள் போகும், காலிலும் கையிலும் சுற்றிக்கொள்ளும். தனி ஆளாக மீன் பிடிக்கவே போகாதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒன்று. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையிடம் தீவனத்தைக் கொடுத்து, "போய்ப் போட்டுட்டு வாடா" என்று அனுப்பாதீர்கள். குட்டையைச் சுற்றி வேலி இருக்கட்டும், அதற்குப் பூட்டும் இருக்கட்டும்.

யாராவது விழுந்துவிட்டால் உடனே குதிக்கத்தான் மனசு துடிக்கும். குதிக்கிறவருக்கும் அதே தாள், அதே பாசி. காப்பாற்றப் போனவரும் உள்ளேயே மாட்டிக்கொள்வார். கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கயிற்றையோ கேனையோ வீசுங்கள். கயிறு இல்லையா, வேட்டி, சேலை, மூங்கில் கழி எதுவானாலும் சரி. சத்தம் போட்டு நாலு பேரைக் கூப்பிடுங்கள்.

நைலான் கயிறு வெயிலில் கிடந்து நாளாவட்டத்தில் இற்றுப்போகும். குஞ்சு விடுகிற ஒவ்வொரு தடவையும் கரையில் நின்று இரண்டு பேர் அதை இழுத்துப் பாருங்கள். நார் நாராகப் பிரிந்தால் மாட்டுக்குக்கூட அதைக் கட்டாதீர்கள், புதுசு போடுங்கள்.