தெளிந்த நீரும் தூய நீரும்



கண்ணாடித் தொட்டியில் வண்ணமீன் வளர்க்கும் விருப்பம் இன்று நகரத்தாருக்கு மட்டும் உரியதன்று. சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் வாணிகம் பெருகியபின், நெமிலி போன்ற ஊர்களிலும் வீட்டுக் கூடங்களில் மீன் தொட்டிகளைக் காண்கிறோம். ஆனால் பல வீடுகளில் ஒரே கதை நிகழ்கிறது. புதிய தொட்டி; பளிங்கு போன்ற நீர்; துள்ளி விளையாடும் மீன்கள். சில நாட்கள் சென்றதும் அவை நீரின் மேற்பரப்புக்கு வந்து வாய் பிளந்து நிற்கின்றன, செவுள் சிவக்கிறது, ஒன்றன்பின் ஒன்றாக மடிகின்றன. சிறுவர்கள் அழுகின்றனர், பெரியவர்கள் மீன் விற்றவரைக் குறை கூறுகின்றனர். குற்றம் பெரும்பாலும் மீனிடத்தும் இல்லை, விற்றவரிடத்தும் இல்லை. தொட்டி புதியது என்பதே காரணம்.

மீன் தின்ற உணவிலுள்ள புரதம் உடலில் சிதைந்து, அமோனியாவாக மாறி, பெரும்பாலும் செவுள் வழியே நீரில் கலக்கிறது. தின்னாது எஞ்சிய இரையும் அழுகி அமோனியாவைத் தருகிறது. தோல் பதனிடும் தொழில் மிகுந்த நம் பகுதிக்கு இப்பொருள் புதிதன்று. சுண்ணாம்பில் ஊறிய தோலினின்று சுண்ணாம்பை நீக்குவதற்கு அமோனிய உப்புக்களைப் பயன்படுத்துவர். அப்போது எழும் நெடியைத் தொழிலாளர் நன்கு அறிவர். ஆனால் மீனுக்குத் தீங்கு செய்யும் அளவு மிகச் சிறிது. அது மூக்குக்கும் எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. ஆகவே, தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகாது.

அங்ஙனமாயின் ஏரியிலும் குளத்திலும் மீன்கள் எவ்வாறு வாழ்கின்றன? இதற்கு விடை தரும் சோதனை ஒன்றை 1877-ஆம் ஆண்டில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் வெளியிட்டனர். மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயின் வழியே சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டனர். ஏறக்குறைய இருபது நாட்கள் அமோனியா மாறாமலே வெளிவந்தது. அதன்பின் அது நைட்ரேட்டாக மாறி வரலாயிற்று. குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றுவிட்டது. ஆகவே, இது உயிருள்ளவற்றின் செயலே என்று தெளிந்தனர். பின்னர், 1890-ஐ ஒட்டி, வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர் அந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக்கும். மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சே. நைட்ரேட்டோ அத்துணைக் கொடியதன்று. நீர்ச்செடிகள் அதை உணவாகவும் கொள்ளும்.

இந்நுண்ணுயிர்கள் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டி வாழ்வன. மிக மெதுவாகப் பெருகுவன. புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் மீன்களை நிறைய விட்டால் கேடு நேர்கிறது.

அமோனியா மிகுந்துவிட்டால் செய்யத்தக்கது யாது? முதலில் ஓரிரு நாட்கள் இரையை நிறுத்துக. வளர்ந்த மீன் அதனால் சாகாது. தொட்டி நீரில் கால் பங்கு முதல் பாதி வரை நீக்கிப் புதுநீர் வார்க்க. தேவையாயின் நாள்தோறும் செய்க. குழாய் நீரில் குளோரின் இருப்பின் அது மீனையும் நுண்ணுயிரையும் ஒருங்கே வருத்தும். நீரை ஒரு நாள் திறந்து வைத்தோ, குளோரின் நீக்கும் மருந்தை இட்டோ பின்னர் வார்க்க வேண்டும். காற்றுக் குமிழிகளை இடைவிடாது விடுக. நுண்ணுயிர்களுக்கும் பிராணவாயு வேண்டும்.

நீரின் காரத்தன்மையையும் கவனித்தல் நன்று. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில், பி.எச். அளவு 7 ஆயின், கலந்துள்ள அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே கொடிய வடிவில் இருக்கும். அதுவே 8 ஆயின் நூற்றில் ஐந்து பங்குக்கு மேல் அவ்வடிவம் பெறும். வெப்பம் ஏறினாலும் நஞ்சு ஏறும். எனவே, காரம் மிகுந்த கிணற்று நீரைத் திடீரென்று மிகுதியாக வார்த்தல் தகாது. அமோனியாவை அளந்தறியும் சோதனைத் துளிகள் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும். அவற்றைக்கொண்டு அளந்து நாள்தோறும் குறித்துவரச் சிறுவர்களைப் பழக்கலாம்.

பலர் செய்யும் பெரும் பிழை, நீர் கெட்டதெனக் கருதி மணலையும் பஞ்சையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவுவது. அரும்பிய நுண்ணுயிர்கள் அத்துடன் அழிய, தொட்டி மீண்டும் புதியதாகிறது. பஞ்சில் அடைப்பு இருப்பின், தொட்டியினின்று எடுத்த நீரிலேயே மெல்ல அலசினால் போதும்.

காலத்தைச் சுருக்க ஒரு வழி உண்டு. பாலில் உறைமோர் ஊற்றித் தயிராக்குவது நம் இல்லத்தரசியர் அறிந்த கலை. அதுபோல், நோயற்ற பழைய தொட்டியின் பஞ்சையோ மணலையோ ஈரம் உலராமல் கொணர்ந்து புதிய தொட்டியில் இடுக. உறைமோர் இட்டபின்னும் பால் தோய்வதற்கு நேரம் வேண்டுமன்றோ? ஆதலின், அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் தோன்றாத நிலை வந்தபின்னரே, இரண்டொரு மீன்களாகச் சேர்த்து வருக.

நம் காவேரிப்பாக்கம் ஏரியை எவரும் தேய்த்துக் கழுவுவதில்லை. அங்குள்ள சேறும் செடியும் நுண்ணுயிரும் ஓயாது உழைத்து மீன்களைக் காக்கின்றன. கண்ணாடித் தொட்டிக்கும் அவ்வுழைப்பாளிகள் வேண்டும். அவர்கள் வந்து குடியேறும் வரை காத்திருப்பதே மீன் வளர்ப்போர் கற்க வேண்டிய முதற்பாடம்.