லேசாக மிதித்தாலே கார் பாயுதா? பயப்படாதீங்க!



ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். ஓட்டுநர் பயிற்சி முடித்து, லைசென்ஸ் வாங்கிய அக்கா ஒருவர், "எனக்கு இந்த வேலை சரிப்படாதும்மா, விட்டுடறேன்" என்றார். பயிற்சியில் பழைய காரை நன்றாகத்தான் ஓட்டினார். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் புது கார். முதல் நாளே வண்டி குபீரென்று பாய்ந்து, சுவருக்கு ஒரு அடி முன்னால் நின்றதாம். "பொம்பளைக்கு கார் எதுக்கு?" என்று பேச்சும் வாங்கியிருக்கிறார்.

கோளாறு அக்காவிடம் இல்லை. இரண்டு வண்டிகளும் வேறு வேறு. அவ்வளவுதான்.

மாருதி 800 போன்ற பழைய கார்களில் ஆக்சிலேட்டர் பெடலிலிருந்து இன்ஜினுக்கு ஒரு கம்பிக் கேபிள் போகும். கிணற்றுக் கயிறு மாதிரிதான். கால் எவ்வளவு இழுக்கிறதோ, இன்ஜினுக்குக் காற்று விடும் மூடி அவ்வளவு திறக்கும்.

இப்போது வரும் பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் அந்தக் கேபிள் கிடையாது. பெடலில் இருக்கும் சென்சார், கால் எவ்வளவு அழுத்துகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். மூடியை எவ்வளவு திறப்பது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்து, சின்ன மோட்டார் மூலம் திறக்கும். புகை குறையவும், பெட்ரோல் மிச்சமாகவும் இது உதவுகிறது.

சில கம்பெனிகள் லேசாக மிதித்தாலே நிறைய திறக்கும்படி அமைத்திருப்பார்கள். சில கார்களில் சற்றுத் தாமதித்துத்தான் வேகம் வரும். 'வரலையே' என்று இன்னும் மிதித்தால், மொத்தமாகப் பாயும். அக்காவுக்கு நடந்தது இதுதான். ஸ்போர்ட், ஈகோ என்று பட்டன் உள்ள காரில், ஈகோவில் பெடல் சாதுவாக இருக்கும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

* குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் மட்டும் அழுத்துங்கள். தடித்த செருப்பு வேண்டாம்.
* கியர் காரில், சமதரையில் முதல் கியர் போட்டு கிளட்சை மெதுவாக விடுங்கள். ஆக்சிலேட்டர் தொடாமலே வண்டி நகரும். அதன் பிறகு மிதியுங்கள்.
* புது வண்டி என்றால், காலி மைதானத்தில் அரை மணி நேரம் ஓட்டிக் கால் பழகுங்கள்.
* மிதியடி மேல் மிதியடி போடாதீர்கள். பெடல் அதில் சிக்கலாம். 2009-ல் அமெரிக்காவில் டொயோட்டா கம்பெனி இந்தக் காரணத்துக்காகவே பல லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது.
* பெடல் சிக்கினால் பிரேக்கை விடாமல் பலமாக மிதித்து, நியூட்ரல் போட்டு ஓரங்கட்டுங்கள். நின்ற பிறகே சாவியைத் திருப்புங்கள். ஓடும்போது அணைத்தால் ஸ்டீயரிங் கனத்துவிடும்.
* இன்ஜின் விளக்கு எரிந்து, வண்டி வேகம் எடுக்கவில்லையா? முதலில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமலே பாகம் மாற்றிக் காசை இழக்காதீர்கள்.
* 'பெடலில் பெட்டி மாட்டினால் பவர் கூடும்' என்பார்கள். இன்ஜின் பலம் கூடாது. பெடல்தான் இன்னும் துடிப்பாகும்.

அந்த அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில் அதே காரை ஓட்டிப் பழகினார். திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டார்.

தெரியாததைத் தெரிந்துகொண்டால் பயம் தானாகப் போகும். உங்கள் குழுவில் யாராவது ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தால், இதை அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள் சகோதரிகளே!