மெல்ல அசையும் கைகளும் இரத்த அழுத்தமும்

சீனப் பூங்காக்களில் விடியற்காலையில் முதியவர்கள் கூட்டமாக நின்று, நீருக்குள் அசைவதுபோல் கைகளை மெல்ல நகர்த்துவார்கள். அதுவே தாய் சி. இன்று பலரும் பயிலும் 24 நிலைகள் கொண்ட எளிய முறை 1956இல் அங்கு வகுக்கப்பட்டது.

இதனால் இரத்த அழுத்தம் குறையுமா? 2024இல் வெளியான பெய்ஜிங் ஆய்வொன்றில், அழுத்தம் இயல்பைச் சற்றே தாண்டியிருந்த 342 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் தாய் சியும் மற்றவர்கள் வேகநடை போன்ற பயிற்சிகளும் வாரம் 4 முறை, ஒரு மணி நேரம் வீதம், ஓராண்டு செய்தனர். மேல் அழுத்தம் தாய் சி பிரிவில் சராசரியாக 7 புள்ளிகளும் மற்றதில் ஏறத்தாழ 5 புள்ளிகளும் குறைந்தது. மூச்சு நீண்டு மனம் அடங்கும்போது, இரத்தக் குழாய்களை இறுக்கும் நரம்புத் தூண்டல் தணிவது இதற்கு ஒரு காரணம்.

ஆயினும் அவர்கள் மாத்திரை தேவைப்படும் நிலையை எட்டாதவர்கள். “130க்கு வந்துவிட்டதே, இனி மாத்திரை எதற்கு?” என்று தாமாகவே நிறுத்திவிடுபவர்களை எண்ணித்தான் நான் அஞ்சுகிறேன். அந்த 130, மாத்திரையும் சேர்ந்து தந்த அளவு. சில மருந்துகளைத் திடீரென விட்டால் அழுத்தம் முன்னிலும் மேலேறும்.

முழங்கால் வலியுள்ளோர் நாற்காலியில் அமர்ந்தே கையசைவுகளைச் செய்யலாம். மாத்திரை உண்பவருக்கு எழும்போது தலைசுற்றினால், உடனிருப்போர் அவரை அமர்த்தி, அழுத்தத்தை அளந்து குறித்துக்கொண்டு எங்களிடம் காட்டுங்கள். மருந்தின் அளவைக் குறைப்பதா என்பதை அதைக் கொண்டே முடிவு செய்வோம்.